கைக்கருவி வாங்கும்போது உள்நாடா, இறக்குமதியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேராகச் சொல்லுங்கள், இந்தியக் கருவி நல்லதா, வெளிநாட்டுக் கருவி நல்லதா?

எந்தக் கருவி என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ஸ்பேனர், ரிங் ஸ்பேனர், பைப் ரெஞ்ச், பெஞ்ச் வைஸ், அரம், சாதாரண கட்டிங் பிளேயர் ஆகியவற்றில் பெயரெடுத்த இந்தியக் கம்பெனிகளின் சரக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பின் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். ஸ்க்ரூ டிரைவர் பிட், பொடிப்பல் ரேச்சட் (கழற்றி மாட்டாமலே முன்பின் ஆட்டிப் போல்ட்டைச் சுழற்றும் பிடி), எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான நிப்பர் (சின்ன வெட்டுக் குறடு), மின்வேலைக்கான 1000 வோல்ட் கருவிகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ரெஞ்ச்) ஆகியவற்றில் ஜெர்மனி, ஜப்பான், தைவான் சரக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வேலையில் தெரியும். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரைக்கு இந்த இரண்டும் வேண்டாம், ஊர்ப் பட்டறைதான் சரி.

ஒரே கம்பெனியில்கூட எல்லாக் கருவியும் ஒரே தரத்தில் இருக்காது. பிளேயரில் கொடி நாட்டிய கம்பெனியின் ரேச்சட் சுமாராக இருக்கலாம். ஆகவே ‘எந்த பிராண்டு’ என்று மட்டும் கேட்காமல், ‘அந்த பிராண்டில் எந்தக் கருவி’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

இந்தியாவில் கைக்கருவிகள் எங்கே தயாராகின்றன?

பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும்தான் தலைமை இடம். ஸ்பேனர், பிளேயர், ரெஞ்ச், வைஸ், கிளாம்ப் என்று ஃபோர்ஜிங் வேலை (காய்ச்சிய இரும்பை அச்சில் அடித்து உருவாக்குவது) முழுக்க அங்கே குவிந்திருக்கிறது. மத்திய அரசின் கைக்கருவிகள் நிறுவனம் 1983-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஜலந்தரில் தொடங்கப்பட்டதற்கும் அதுவே காரணம். ராஜஸ்தானின் நாகௌரில் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. தப்பாரியா என்ற கைக்கருவிக் கம்பெனி மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் இருக்கிறது. 1960-களில் சுவீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு வளர்ந்த நிறுவனம் அது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜலந்தர், லூதியானாவில் அடித்த கருவிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய அளவில் ஏற்றுமதியாகின்றன, பல வேளைகளில் வாங்குபவரின் பெயர் பொறித்தே போகின்றன. ‘ஃபாரின் பிராண்டு’ என்று நீங்கள் எடுக்கும் ஸ்பேனரே பஞ்சாபில் பிறந்ததாக இருக்கக்கூடும். ஏற்றுமதி லாட்டுக்கும் உள்ளூர் லாட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் இரும்பு அல்ல, சோதனை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒவ்வொரு லாட்டிலும் கடினத்தன்மை, வாய் அளவு, முறுக்குத் தாங்கும் திறன் மூன்றையும் எழுதிக் கேட்பார், தேறாததைத் திருப்பி அனுப்புவார். உள்ளூர் மொத்த வியாபாரி விலையை மட்டுமே கேட்டால், அந்த விலைக்கு ஏற்ற சரக்குதான் வரும்.

‘குரோம் வெனேடியம்’ என்று பொறித்திருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்த எழுத்தைப் பொறிக்க ஒரு அச்சு இருந்தால் போதும். உண்மையிலேயே குரோம் வெனேடியம் இரும்பாக இருந்தாலும், அதில் குரோமியம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவோ அதை ஒட்டியோதான் இருக்கும், வெனேடியம் 0.1 சதவீதம் அளவில்தான் இருக்கும். தோய்ச்சல் சரியாக அமைவதற்கு இந்தக் கலவை இடம் கொடுக்கிறது. ஆனால் தோய்ச்சலை யாராவது ஒழுங்காகச் செய்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

கொல்லுப் பட்டறையில் தோய்ச்சல் என்று சொல்வதைத்தான் தொழிற்சாலை இரண்டு கட்டமாகச் செய்கிறது. ஸ்பேனரை ஏறக்குறைய 850 டிகிரி வரை சூடாக்கி எண்ணெயில் அமுக்குவது முதல் கட்டம். இப்போது இரும்பு கண்ணாடி மாதிரி கடினமாகவும் நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். மறுபடி 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்கி, அந்த முரட்டுத்தனத்தைத் தணித்து, வளைந்து கொடுக்கும் தன்மையை வரவழைப்பது இரண்டாம் கட்டம். மலிவுச் சரக்கில் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். உலையில் ஒரே தட்டில் அளவுக்கு மீறி அடுக்குவார்கள். ஓரத்தில் இருப்பவை ஒரு பதத்தில் வரும், நடுவில் இருப்பவை வேறு பதத்தில் வரும். அதனால்தான் ஒரே செட்டில் 12-13 அளவு ஸ்பேனர் நன்றாக உழைக்க, 14-15 ஒரே மாதத்தில் வாய் பிளந்துவிடுகிறது.

பதம் குறைந்தால் வாய் விரியும். பதம் மீறினால் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும், கை போய் என்ஜின் மீது மோதும். இரண்டில் ஒன்றை ஏற்க வேண்டி வந்தால் விரிகிற ஸ்பேனரே மேல்.

கடினத்தன்மையை எச்.ஆர்.சி. என்ற ராக்வெல் எண்ணில் சொல்வார்கள். ஸ்பேனருக்கு 40 முதல் 48 வரை இருந்தால் நல்லது. பிளேயரின் வெட்டும் விளிம்புக்கு 56-க்கு மேல், நல்ல ஜெர்மன் சரக்கில் 60-ஐத் தாண்டும். பிட்டுக்கும் மர உளிக்கும் 58 முதல் 62, அரத்துக்கு 62-க்கு மேல். ‘அறுபது எச்.ஆர்.சி. ஸ்பேனர்’ என்று யாராவது பெருமையாக விற்றால் வாங்காதீர்கள், அது உடையப்போகிற ஸ்பேனர்.

கடையில் நின்றபடியே ஒரு ஸ்பேனரை எப்படிச் சோதிப்பது?

புது போல்ட் இரண்டு மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எம்6, எம்8, எம்12 போதும் (எம் எண் என்பது மரைத்தண்டின் விட்டம், மி.மீ.யில்), தலை முறையே 10, 13, 19 அளவில் (எம்12-ல் 18, 19 இரண்டும் வருவதால் பார்த்து எடுங்கள்). எம்8 போல்ட்டின் தலை 13.00 மி.மீ.க்கு மேல் போகாது, 12.73-க்குக் கீழ் இறங்காது. ஸ்பேனர் வாய் 13-ஐவிட மி.மீ.யில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் கூட இருக்க வேண்டும். வெர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள். இல்லையென்றால் போல்ட்டில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள்.

ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்பேனர் போல்ட் தலையின் தட்டையான பக்கத்தை அழுத்தித் திருப்ப வேண்டும். இடைவெளி கூடினால் ஸ்பேனர் சற்றுச் சுழன்ற பிறகே பிடிக்கும், அப்போது அழுத்தம் முழுக்க மூலையின் மெல்லிய கோட்டில் விழும். மூலை மழுங்கும், அடுத்த தடவை இன்னும் வழுக்கும். ‘போல்ட் மட்டமான இரும்பு’ என்று திட்டுகிற பல இடங்களில் குற்றவாளி ஸ்பேனர்தான்.

அடுத்து வாயின் உள்பக்கம். இரண்டு தாடைகளும் ஒன்றுக்கொன்று நேர் இணையாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் அகலமாக, அடியில் குறுகலாக இருப்பது கண்ணுக்கே தெரியும். உள்பக்கத்தில் மெருகோ கெட்டிப் பூச்சோ திரண்டு நின்றால் அளவு தப்பியிருக்கும்.

பிறகு கைப்பிடியின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். டையின் (ஸ்பேனரை அடிக்கும் அச்சு) இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு இருப்பது இயல்பு. இரு பாதிகளும் படி மாதிரி விலகி நின்றால், டை நகர்ந்த நிலையில் அடித்தது என்று பொருள். கழுத்தில் முடி போன்ற கோடு தெரிந்தால் நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் அது ஃபோர்ஜிங் மடிப்பு, விரிசல் தொடங்குவது அங்கேதான். குரோம் பளபளப்பு இந்த மடிப்புகளை நன்றாக மறைக்கும். அதனால்தான் கறுப்புப் பாஸ்பேட் பூச்சுள்ள ஸ்பேனரைக் கடையில் சோதிப்பது எளிது.

அரத்தை வைத்துச் சோதிக்கக் கடைக்காரர் விடமாட்டார். செட்டாக வாங்கும் முன் ஒன்றை மட்டும் வாங்கி வீட்டில் பாருங்கள். கைப்பிடி ஓரத்தில் புது அரத்தை வைத்து இழுங்கள். மேல் குரோம் போகும்வரை கொஞ்சம் வழுக்கும், அது கணக்கில் இல்லை. அதற்கடியில் அரம் அழுத்தினால் மட்டும் பிடித்துக் கொஞ்சமாகப் பொடி கொடுத்தால் பதம் சரி. கட்டைக் கம்பிபோல் சரசரவென்று பொடி விட்டால் பதம் இல்லை. அழுத்தியும் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் பதம் மீறிவிட்டது.

8 ஸ்பேனர்கள் கொண்ட செட் வாங்கினேன், பல அளவுகள் பைக்குக்குத் தேவைப்படுவதே இல்லையே?

கடைகளில் கிடைக்கும் வழக்கமான செட் 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று போகும். இதில் 9, 11, 15 ஆகியவை வருடத்துக்கு ஒருமுறைகூடக் கைக்கு வராது. பைக், கார் எந்த மரபில் வந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஜப்பானிய மரபு வண்டிகளில் எம்8 போல்ட்டுக்குத் தலை 12, எம்10-க்கு 14. ஐரோப்பிய மரபில் எம்8-க்கு 13, எம்10-க்கு 16 அல்லது 17. ஹோண்டா, யமஹா, சுஸுகி மரபு வண்டி வைத்திருப்பவர் 8, 10, 12, 14, 17, 19 என்று தனித்தனி காம்பினேஷன் ஸ்பேனர்களாக (ஒரு முனை வாய், மறுமுனை ரிங்) வாங்கினால் அதே பணத்தில் ஒரு படி மேலான தரம் கிடைக்கும். 10-ம் 12-ம் மட்டும் இரண்டிரண்டு வாங்குங்கள். ஒன்று போல்ட்டுக்கு, ஒன்று நட்டுக்கு.

கட்டிங் பிளேயரில் என்ன பார்க்க வேண்டும்? விளிம்பில் பள்ளம் விழுவது ஏன்?

பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்கு நுனி முதலில் தொட வேண்டும், பின்பக்கம் ஒரு காகிதம் நுழையும் அளவு சந்து இருக்கலாம். இதற்கு நேர்மாறாக நுனியில் சந்து தெரிந்தால், மெல்லிய கம்பியைப் பிடிக்கவே பிடிக்காது. வெட்டும் விளிம்பில் மட்டும் வெளிச்சம் துளியும் வரக் கூடாது. பத்திரிகைத் தாளை ஒற்றையாக வைத்து வெட்டுங்கள். விளிம்பு முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்ட வேண்டும், ஒரு ஓரத்தில் மென்று நின்றால் அரைப்பு சரியில்லை.

கைப்பிடிகளை ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள். ரிவெட் மூட்டில் ஆட்டம் இருந்தால் அடுத்ததை எடுங்கள். மூட்டு இறுக்கமாக இருந்தால் கவலை வேண்டாம், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு நூறு முறை திறந்து மூடினால் சரியாகிவிடும். ஆட்டத்துக்கு மருந்து கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் 16 கேஜ் ஜி.ஐ. கம்பியை (1.6 மி.மீ.) மூட்டுக்குப் பக்கத்தில் வைத்து நான்கைந்து முறை வெட்டி, விளிம்பை விளக்கொளியில் பாருங்கள். ஊசிமுனைப் பள்ளம் தெரிந்தால் அன்றைக்கே பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.

நல்ல பிளேயரின் வெட்டும் விளிம்பு மட்டும் தனியாக இண்டக்‌ஷன் (மின்காந்தத்தால் சூடேற்றும்) முறையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும். உடம்பு கொஞ்சம் மென்மையாக, விளிம்பு மட்டும் கடினமாக இருக்கும். அந்த விளிம்புக்கும் எல்லை உண்டு. செம்புக் கம்பி, ஜி.ஐ. கம்பி, சாதாரண ஆணி வரைக்கும்தான் அது. கான்கிரீட் ஆணி, ஸ்பிரிங் கம்பி, பைக் கேபிளின் உள்கம்பி ஆகியவை விளிம்பைவிடக் கடினமானவையாக இருக்கலாம், அவைதான் பள்ளம் போடும். கேபிளுக்குக் கேபிள் கட்டர், ஸ்பிரிங் கம்பிக்குப் பியானோ ஒயர் வெட்டும் என்று குறிப்பிட்ட கட்டர் தனியாக உண்டு.

நல்ல ஜெர்மன் பிளேயரின் விலை நல்ல இந்திய பிளேயரைப்போல் பத்து மடங்கு வரை போகும். நாள் முழுக்க வயர் வெட்டும் பேனல் போர்டு வேலைக்காரருக்கு அது நியாயமான செலவு. வெட்டும்போது கைக்குப் போகும் அதிர்ச்சி குறையும், அந்தியில் மணிக்கட்டு வலிக்காது. வீட்டில் மாதம் நான்கு தடவை எடுப்பவருக்கு இந்திய 8 அங்குல பிளேயரே பல வருடம் வரும்.

பிளேயர் கைப்பிடியில் கெட்டியாக பிளாஸ்டிக் உறை இருக்கிறது. லைனில் வேலை பார்க்கலாமா?

கூடாது. சாதாரண உறை கைப்பிடிக்கான வசதி மட்டுமே. மின்சாரம் ஓடும் இடத்துக்கான கருவியில் இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற எழுத்தும், ஐ.இ.சி. 60900 என்ற தர எண்ணும் சேர்ந்து பதிந்திருக்கும். அந்தத் தரத்தில் நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு கருவியையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி 10,000 வோல்ட் கொடுத்துச் சோதித்து அனுப்புகின்றன. உறை இரண்டு நிறத்தில் அடுக்கடுக்காக இருப்பது நல்ல ஏற்பாடு. மேல் அடுக்கு வெட்டுப்பட்டு உள்நிறம் தெரிந்தால் அன்றோடு அந்தக் கருவியை லைன் வேலையிலிருந்து ஒதுக்க வேண்டும்.

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ‘1000 வோல்ட்’ என்று உறையில் அச்சடித்துவிட்டுத் தர எண் இல்லாமல் விற்கும் சரக்கைத் தொடவே வேண்டாம். சரியான கருவி கையில் இருந்தாலும் முதலில் மெயினை அணைப்பதுதான் முறை. நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ‘கரண்ட் இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். காலில் ரப்பர் செருப்போ மரப்பலகையோ இருந்தாலே அது மங்கிவிடும்.

ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் தலை மழுங்கிப் போகிறது. டிரைவர் மட்டமா?

மட்டமாகவும் இருக்கலாம், தவறான வகையாகவும் இருக்கலாம். நாம் ‘ஸ்டார்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் மூன்று வகைகள் கலந்திருக்கின்றன. ஃபிலிப்ஸ் எங்கும் உள்ளது. ஜப்பானிய ஜே.ஐ.எஸ். வகை, ஜப்பானிய மரபு பைக்குகளில் பிரேக் ஆயில் டப்பா மூடி, கார்புரேட்டர், என்ஜின் கவர் ஆகிய இடங்களில் வரும். பல வேளைகளில் ஸ்க்ரூ தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். போசிடிரைவ் வகையில் கூட்டல் குறிக்கு நடுவே குறுக்காக நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். மாடுலர் கிச்சன் கீல்களில் அதிகம் காண்பது இது.

ஃபிலிப்ஸ் டிரைவரை ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூவில் வைத்தால் அடிவரை இறங்காது. மேல்விளிம்பில் மட்டும் பிடித்து, விசை கூடியதும் துள்ளி வெளியே வரும், வரும்போது ஸ்க்ரூவைச் சுரண்டிக்கொண்டு வரும். பைக் வேலைக்கு ஜப்பானில் செய்த இரண்டாம் எண் ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்றே ஒன்று வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் இறக்குமதிக்குப் பரிந்துரைப்பவற்றில் விலைக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான். அசையாத ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால், கவர் ஸ்க்ரூ துளைக்கிற வேலை மிச்சம்.

பிட்டின் நுனி முறுக்கிக்கொண்டால் மென்மை, நுனி சில்லு சில்லாகத் தெறித்தால் பதம் மீறியது. பத்து ரூபாய் பிட்டில் இரண்டையும் ஒரே பாக்கெட்டில் காணலாம்.

பெரிய அமெரிக்கப் பெயர் போட்டிருக்கிறது, பின்னால் ‘மேட் இன் சைனா’. இது ஏமாற்றா?

இல்லை. பெயர் ஓரிடம், ஆலை வேறிடம் என்பதுதான் இன்றைய நடைமுறை. வேரா ஜெர்மனியின் வுப்பர்டாலைச் சேர்ந்த கம்பெனி, அதன் கருவிகள் பெரும்பாலும் செக் நாட்டு ஆலையில் தயாராகின்றன. சுவீடனில் பிறந்த பாகோ இப்போது அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் கையில் இருக்கிறது, அதன் அரங்கள் போர்ச்சுகலில் தயாராகின்றன. இவற்றின் தரத்தை யாரும் குறை சொல்வதில்லை. சீனாவிலும் அப்படித்தான். வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் தரத்தில் செய்து கொடுக்கும் ஆலை அங்கே உண்டு, கிலோ கணக்கில் செய்து தள்ளும் ஆலையும் உண்டு. கடையில் ‘சைனா’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம்.

உற்பத்தியைத் திரும்பத் தன் நாட்டுக்கே கொண்டுவந்தால் தரம் உயர்ந்துவிடுமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கிராஃப்ட்ஸ்மேன் என்ற கருவி பிராண்டை சியர்ஸ் என்ற சில்லறை விற்பனைக் கம்பெனியிடமிருந்து 2017-ல் வாங்கிய ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் சுமார் 9 கோடி டாலரில் ஆலை கட்டுவதாக 2019-ல் அறிவித்தது. ஸ்பேனர், ரேச்சட், சாக்கெட் எல்லாம் தானியங்கி இயந்திரங்களில், சீனச் செலவுக்கு ஈடாக வரும் என்பது திட்டம். இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023-ல் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள்.

ஸ்பேனர் பார்க்க எளிய பொருள். ஆனால் டை செதுக்குவது, அடிப்பது, ஓரம் வெட்டுவது, தோய்ச்சல், மெருகு, பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் கை பழகிய ஆட்கள் வேண்டும். தைவானின் தைச்சுங் வட்டாரத்தில் இந்த வேலைகளைச் செய்யும் சிறு பட்டறைகள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. ஜலந்தரிலும் அப்படியே. டையில் சின்னக் கோளாறு என்றால் செதுக்கியவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். வெறும் கட்டடமும் இயந்திரமும் அதற்கு ஈடாகாது. இந்தியக் கருவிக்கு வலு சேர்ப்பது அந்தப் பட்டறைக் கூட்டம்தான். அங்கே குறைவது பெரும்பாலும் பூச்சிலும் கடைசிச் சோதனையிலும்தான். அதைச் சரிசெய்வது வாங்குபவர் கேட்பதைப் பொறுத்தது.

108 கருவிகள் அடங்கிய பெட்டி ஆன்லைனில் மலிவாக வருகிறதே?

எண்ணிப் பாருங்கள். நூற்றெட்டில் எழுபது எண்பது பிட்டும் சின்ன சாக்கெட்டுமாக இருக்கும். அந்தப் பணத்துக்கு வீட்டுக்குத் தேவையானதைத் தனித்தனியாக வாங்கலாம்: 8 அங்குல கட்டிங் பிளேயர், முதல் எண், இரண்டாம் எண் ஸ்டார் டிரைவர், 6 மி.மீ. பட்டை டிரைவர், 10 அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர் (வாய் அளவை மாற்றக்கூடியது), 1.5 முதல் 10 வரை ஒன்பது ஆலன் கீ, அரைக்கிலோ சுத்தியல், 5 மீட்டர் டேப். பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் ஸ்பேனர்கள்.

ரேச்சட், டார்க் ரெஞ்ச்?

24 பல் ரேச்சட் அடுத்த பல்லுக்குப் போக 15 டிகிரி திரும்ப வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கான என்ஜின் அறையில் இது பெரிய வசதி. ஆனால் பல் பொடியாக ஆக, தோய்ச்சலும் அரைப்பும் பிசகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாரம் ஏறும்போது ‘கடக்’ என்று தாவும். பொடிப்பல் வேண்டுமானால் தைவான் சரக்கு விலைக்கேற்ற தரம். மலிவு விலையில் பொடிப்பல்லைவிட, நல்ல இந்தியக் கம்பெனியின் தடிப்பல் ரேச்சட்டும் டாமி பாரும் (சாக்கெட்டைத் திருப்பும் பல் இல்லாத நீளக் கம்பி) பத்திரம். இறுகிய போல்ட்டை எப்போதும் டாமி பாரால் இளக்குங்கள், ரேச்சட்டைச் சுழற்ற மட்டும் வையுங்கள்.

டார்க் ரெஞ்ச் வாங்கும்போது பெட்டியில் அளவுச் சான்று இருக்கிறதா, ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தர எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5000 முறை இறுக்கியதும் அளவு சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். போல்ட் இளக்க ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

அரிவாள், மண்வெட்டிக்கு ஊர்ப் பட்டறை ஏன்?

கருவி உங்கள் மண்ணுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும். செம்மண், கரிசல், வயல் சேறு ஒவ்வொன்றுக்கும் மண்வெட்டியின் சாய்வும் அகலமும் வேறு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. லாரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இரும்பில் அடிக்கச் சொல்லுங்கள். அதில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டி இருப்பதால் தோய்ச்சல் நன்றாக ஏறும். விளிம்பில் மட்டும் பதம், முதுகில் மென்மை என்று கேளுங்கள். முழுதும் பதம் ஏற்றிய அரிவாள் கருவேல முடிச்சில் பட்டால் வாய் தெறிக்கும். விளிம்பு மழுங்கினால் அதே கொல்லரிடம் திரும்ப அடித்துத் தோய்த்துக்கொள்ளலாம். எந்த இறக்குமதிக் கருவிக்கும் இந்த வசதி இல்லை.

தச்சு உளி?

வாங்கும் உளியைவிடத் தீட்டும் விதம்தான் முக்கியம். பின்பக்கம் முழுத் தட்டையாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், முன்பக்கச் சாய்வை 25 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள். கிரைண்டரில் பிடிக்கும்போது நொடிக்கொருமுறை தண்ணீரில் முக்குங்கள். நுனி நீல நிறமாகிவிட்டால் அங்கே பதம் போய்விட்டது, நீலம் மறையும் வரை அரைத்துத் தள்ள வேண்டும். புது உளி ‘மட்டம்’ என்று திரும்பி வருவதில் பாதி இப்படி எரிந்தவை.

ஹேக்சா பிளேடு பல் தெறிக்கிறதே?

வெட்டும் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது படிய வேண்டும். மெல்லிய தகடு, கான்ட்யூட் குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல், பொது வேலைக்கு 24, கட்டைக் கம்பிக்கு 18. பல் முன்னோக்கி இருக்க மாட்டுங்கள், அவசரமில்லாமல் நிமிடத்துக்கு ஐம்பது வீச்சு. வளைந்தாலும் ஒடியாத பைமெட்டல் பிளேடு (இரண்டு உலோகம் இணைத்தது) கொஞ்சம் விலை கூட, ஆனால் மூன்று நான்கு கார்பன் பிளேடுக்குச் சமம்.

சுத்தியல்?

இந்தியச் சுத்தியலே போதும். காம்பு கருவேல மரமாக, மர ரேகை நீளவாக்கில் ஓடுவதாக இருக்கட்டும், ஆப்பு இறுகியிருக்கிறதா பாருங்கள். சுத்தியலால் சுத்தியலை அடிக்கவே கூடாது. இரண்டு முகமும் கடினம், சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் போகும்.

போலிச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுத்து. அச்சில் அடித்த எழுத்து ஓரம் கூர்மையாக, ஆழம் சீராக இருக்கும். போலியில் எழுத்து மங்கலாக, வரி கோணலாக, மாடல் எண் கம்பெனி பட்டியலில் இல்லாததாக இருக்கும். ஒரே மாடலின் எடையைக் கடைத் தராசில் நிறுத்து, கம்பெனி பட்டியலில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள், போலி பெரும்பாலும் இலேசு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேல் தர எண்ணும் (கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650 போன்றது), கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் கம்பெனி பெயர் வந்துவிடும்.

இறக்குமதிப் பொருளின் உறையில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் விதி. ‘ஜெர்மன் டெக்னாலஜி’ என்று முன்னால் கொட்டை எழுத்து, பின்னால் இறக்குமதியாளர் சீட்டே இல்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். மாற்றித் தருவதாகக் கம்பெனி சொன்னாலும், பில் இல்லாமல் அது நடக்காது.

கடலோர ஊர், ஆறே மாதத்தில் துரு. என்ன செய்வது?

சென்னை, நாகை, தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது, கை வியர்வையிலும் இருக்கிறது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் ஆயிலைத் துணியில் நனைத்து ஒரு தடவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து மூட்டை இறுக்கிவிடும். கறுப்புப் பாஸ்பேட் பூச்சு எண்ணெய் இருக்கும்வரைதான் காக்கும், கடலோரத்தில் நல்ல நிக்கல்-குரோம் பூச்சே மேல்.

ஏறிய துருவுக்கு நெல்லிக்காய் அளவு புளியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, கருவியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எண்ணெய் போடுங்கள். ஸ்பிரிங் உள்ள கருவிகளையும் ரேச்சட்டையும் இப்படி ஊறவைக்காதீர்கள், புளிப்பு இடுக்கில் தங்கிவிடும். குரோம் செதில் செதிலாக உரிந்த ஸ்பேனரைத் துணி சுற்றிக்கூடப் பிடிக்காதீர்கள், அந்தச் செதில் பிளேடு மாதிரி அறுக்கும். உரிந்த இடத்தை எமரித் தாளால் சுத்தமாகத் தேய்த்து வழித்த பிறகே பயன்படுத்துங்கள்.